நைனா ஊட்ல இல்ல

ஆப்பிரிக்காவில் மலாவி என்ற நாட்டில் ஒரு செல்போன் டவரைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தேன். டெக்னீஷியன் என்பது விசாவில் இருந்த பெயர். கரண்ட் எட்டிப் பார்க்காத மலைப்பக்கம், டவர் டீசல் ஜெனரேட்டரில் ஓடியது. டீசல் தீர்ந்தால் சுற்றுவட்டாரத்துக்கே பேச்சு நின்றுவிடும். எனக்கும்தான்.

அப்பாவை நாங்கள் நைனா என்போம். திருமழிசை இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் நாலு பேர் காலைப் பிடித்து அவர் வாங்கிக் கொடுத்த வேலையை விட்டுவிட்டு, விசா வந்த பிறகுதான் வீட்டில் சொன்னேன். அங்கே போய் என்ன கிழிக்கப்போகிறாய் என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. அதோடு அவரும் பேச்சை நிறுத்திக்கொண்டார்.

ஞாயிறுதோறும் வீட்டுக்குப் போன் செய்வேன். தம்பி எடுப்பான். நைனாவிடம் கொடு என்றால், "நைனா ஊட்ல இல்ல" என்பான். பின்னால் நைனாவின் இருமல் தெளிவாகக் கேட்கும். இந்த ஏற்பாடு ஒன்றரை வருடம் யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் நடந்தது.

ஒரு மழைக்காலத்தில், நைனாவுக்கு நெஞ்சுவலி, பூந்தமல்லியில் ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள், வெறும் கேஸ் டிரபிள்தானாம் என்று அம்மா சொன்னாள். அடுத்த ஞாயிறு அழைத்தேன். டீசல் லாரி எங்கோ சேற்றில் மாட்டியிருந்தது. ஜெனரேட்டர் கடைசிச் சொட்டில் ஓடிக்கொண்டிருந்தது. தம்பி "நைனா" என்றான். நடுவில் ஏதோ கரகரத்தது. "இல்ல" என்றான். டவர் நின்றுவிட்டது.

ஓர் ஆளை இல்லை என்றால், நம் ஊரில் வெளியே போயிருக்கிறார் என்றும் அர்த்தம், போய்ச் சேர்ந்துவிட்டார் என்றும் அர்த்தம். இரண்டுக்கும் நடுவில் 'ஊட்ல' என்ற ஒரு சொல்தான் நின்றது. அதை நான் பராமரித்த டவரே விழுங்கிவிட்டது.

ஆற்றுப் பாலம் தண்ணீருக்குள் இருந்ததால் வேறு டவர் இருக்கும் ஊருக்கும் போக முடியவில்லை. ஜெனரேட்டர் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். அவரிடம் கடைசியாக என்ன பேசினேன் என்று யோசித்தால், பதில் சொல்லாமல் நின்றதுதான் நினைவுக்கு வந்தது. அதுதான் தாங்கவில்லை. சேதி கேட்டு ஊர்க்காரர்கள் வந்தார்கள். 'பெபானி' என்று அவர்கள் மொழியில் வருத்தம் சொல்லிவிட்டு, என் வாசலில் மண்ணில் பேசாமல் உட்கார்ந்தார்கள். சிக்னல் எப்போது வரும் என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்த ஊருக்குப் போன பிறகு எனக்குக் கிடைத்த முதல் ஓய்வு அது.

மறுநாள் மூத்த பிள்ளை செய்ய வேண்டியதைச் செய்தேன். முடிவெட்டுகிறவரிடம் மொட்டை அடிக்கச் சொன்னேன். மீசையையும் எடுக்கச் சொன்னபோது இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டார்.

மூன்றாம் நாள் லாரி வந்தது. டவர் உயிர் பெற்றதும் வீடியோ காலில் வீட்டைக் கூப்பிட்டேன். நைனா எடுத்தார். என்னிடமிருந்து சத்தமே இல்லை என்று தம்பியின் போனை இரண்டு நாளாகக் கையிலேயே வைத்திருந்தாராம். அது பிறகு தெரிந்தது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், செத்துப்போன மனிதர் பனியனோடு உட்கார்ந்து என்னைப் பார்க்கிறார் என்பதுதான்.

"இன்னாடா மொட்ட?"

மொட்டைத் தலையைத் தடவினேன். அவர் திரும்பி அம்மாவைப் பார்த்தார். அம்மா நலமாக முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். மறுபடி என் மீசை இருந்த இடத்தைப் பார்த்தார்.

"எனக்கா?"

தலையாட்டினேன். தம்பி இல்லை என்று சொன்னதைத் திக்கித் திக்கிச் சொன்னேன். திரையில் அவர் முகம் அப்படியே அசையாமல் நின்றது. லைன் கட்டாகிவிட்டதோ என்று டவரை அண்ணாந்து பார்த்தேன். அது ஒழுங்காகத்தான் இருந்தது.

"அப்டி சொல்லச் சொன்னது நான்தான்டா" என்றார். குரல் உடைந்திருந்தது.

நான் ஊர் திரும்பிவிட்டேன். இப்போது குமணன்சாவடியில் பஸ் ஏறும்போது, ஏதாவது வாங்கி வர வேண்டுமா என்று கேட்கப் போன் செய்வேன். எடுத்ததும் நைனா ஹலோ சொல்வதில்லை.

"ஊட்ல கீறேன்டா" என்பார்.