இலங்கையை விலக்கிய விளம்பரம்

1. கிளிக் வருது, ஆள் வரேல்லை

"மலர், கிளிக் எல்லாம் வருது. ஆக்கள் பேஜுக்கு உள்ளுக்கு வருகினம். ஆனா ஒருத்தரும் பதியினம் இல்லை. நான் இஞ்ச என்ர பார்ட்னருக்கு என்னத்தைச் சொல்றது?"

ரொறன்ரோவிலிருந்து ரமணன் அண்ணை எங்கள் திருகோணமலை அலுவலகத்துக்கு அழைப்பெடுத்து இப்படிக் கேட்டார். ரமணன் அண்ணை எங்கள் கிளையன்ட். வெளிநாடுகளில் இருக்கும் தமிழ் இளைஞர்களுக்காக ஒரு டேட்டிங் செயலி தொடங்கியிருந்தார். அதற்கு ஃபேஸ்புக்கில் விளம்பரம் ஓட்டுவது எங்கள் வேலை. பார்ப்பவர் விளம்பரத்தைத் தொட்டால் அது கிளிக். தொட்டபின் பெயர், வயது எல்லாம் கொடுத்துக் கணக்குத் திறந்தால் அது சைன்-அப். கிளிக் எவ்வளவு வந்தாலும் அதை வைத்துச் சோறு தின்ன முடியாது. சைன்-அப் வந்தால்தான் கிளையன்ட் நிற்பார்.

அலுவலகம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். உள்துறைமுக வீதியில் ஒரு ஹார்ட்வெயார் கடையின் மேல்மாடி. ஜன்னலைத் திறந்தால் துறைமுகம் தெரியும், கீழே கம்பி வெட்டும் சத்தமும் கேட்கும் என்பதால் அதை மூடியே வைத்திருப்போம். முதலாளி இர்பான் குறிஞ்சாக்கேணிக்காரர், என்னைவிட இளையவர். அவர் என்னை அக்கா என்பார், நான் அவரைச் சேர் என்பேன். விளம்பரங்களை எழுதுவது, போடுவது, எது எடுபடுகிறது என்று பார்ப்பது எல்லாம் என் பொறுப்பு.

அழைப்பு முடிந்ததும் இர்பான் சேர் சொன்னார்: "அக்கா, இந்த ஆள் போனா நாம கடையப் பூட்டத்தான் வேணும். வேற பெரிய கிளையன்ட் நமக்கு இல்ல."

அவர் மிகைப்படுத்தவில்லை. எனக்கும் அந்த வேலை போகக்கூடாத காலம் அது. கப்பல்துறை ஊரில் எங்கள் வீட்டில் என் தங்கை சுபாவுக்குக் கனடா மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கல்யாணம் சரிவரவில்லை, அதைப்பற்றி இனிக் கதைப்பதற்கு ஒன்றுமில்லை. மூத்தவள் இருக்க இளையவளைக் கேட்டு வந்த மாப்பிள்ளை வீட்டார் அதைக் குறையாக எடுக்கவில்லை என்பதே அம்மாவுக்குப் பெரிய ஆறுதல். "அக்கா என்ன வேலை?" என்று அவர்கள் கேட்டபோது அம்மா "கொம்பியூட்டர் வேலை" என்றார். பொய்யில்லையே என்று நானும் பேசாமல் இருந்தேன்.

2. வலிக்காத கேள்வி

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்குப் பயன்படும் என்பதால் நான் முதலில் செய்த திருத்தங்களைச் சொல்கிறேன்.

ரமணன் அண்ணையின் பேஜ் திறந்தவுடன் போன் நம்பரைக் கேட்டது. அடுத்தது சமயம், அதற்கடுத்தது சொந்த ஊர். எங்கள் ஆட்களிடம் சொந்த ஊரைக் கேட்டால் என்ன நடக்கும்? "அந்த ஊரில் ஆருடைய மகன்?" என்ற அடுத்த கேள்வி அவர்களின் காதில் தானாகவே கேட்கும். பயந்துபோய் மூடிவிடுவார்கள். நான் அதையெல்லாம் பின்னுக்குத் தள்ளி, பெயரையும் வயதையும் மட்டும் முன்னால் வைத்தேன். முதல் கேள்வி பதில் சொல்ல வலிக்காத கேள்வியாக இருக்க வேண்டும். பாஸ்வேர்ட் கேட்பதையும் தூக்கினேன்.

பிறகு வசனம். முன்பு விளம்பரம் செய்தவர்கள் "பேசிப் பழகலாம் வாங்க" என்று எழுதியிருந்தார்கள். எங்கள் ஆட்களின் காதுக்கு அது சினிமா வசனம். நான் "கொஞ்ச நேரம் கதைப்பமா?" என்று மாற்றினேன். அந்த ஒரு மாற்றத்தில் சைன்-அப் கூடியது எனக்கே வியப்பாக இருந்தது.

கூடியது, ஆனால் ரமணன் அண்ணையின் பார்ட்னரைத் திருப்திப்படுத்தும் அளவுக்கு இல்லை. மிச்சப் பிழை படத்தில் இருந்தது. விலைக்கு வாங்கிய படங்கள். பற்பசை விளம்பரத்துக்குச் சிரிப்பதுபோல் சிரிக்கும் பெண்கள். கீழே ஒருவர் "இவ எந்த நாட்டுத் தமிழ்?" என்று எழுதியிருந்தார். இன்னொருவர் "முகத்தைப் பாத்தாலே தெரியுது, ஃபேக்" என்றார். அவர்கள் சொன்னது சரிதான், போலி முகங்கள்.

"எங்கட முகமா ஒண்டு வேணும் மலர்," என்றார் ரமணன் அண்ணை. "பக்கத்து வீட்டுப் பிள்ளை மாதிரி. ரெண்டு கிழமை பாப்பம். சரிவரேல்லை எண்டா நிப்பாட்டுவம்."

3. மானை வெட்டிய படம்

யாரைக் கேட்பது? டேட்டிங் விளம்பரத்துக்கு முகம் தா என்று திருகோணமலையில் எந்த வீட்டுக் கதவைத் தட்டுவது? இர்பான் சேர் இரண்டு நாள் யோசித்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் கதைத்தார்.

"அக்கா, கோவிக்காதீங்க. உங்கட வட்ஸ்அப்புல ஒரு படம் போட்டிருக்கீங்களே, அது நல்லா இருக்கு. இலங்கைய எக்ஸ்க்ளூட் பண்ணிப் போடுவம். கனடா, லண்டன், சுவிஸ் ஆக்கள் மட்டும்தான் பாப்பாங்க. இஞ்ச ஒரு குருவிக்கும் தெரியாது."

எக்ஸ்க்ளூட் என்றால் விலக்குவது. எந்த நாட்டில் விளம்பரம் தெரியக்கூடாதோ அந்த நாட்டின் பெயரை ஒரு பெட்டியில் போட்டு விலக்கிவிடலாம். அது நான் தினமும் செய்யும் வேலை, அதனால் அதை நம்பினேன்.

அந்தப் படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதை எடுத்தவள் சுபா. கோணேசர் கோயிலுக்குப் போய்விட்டு இறங்கி வந்து கடற்கரையில் நின்றோம். எனக்குப் பின்னால், எங்கள் நகரத்தில் சுற்றித் திரியும் மான்களில் ஒன்று புல் தேடிக்கொண்டிருந்தது. சுபா போனை நீட்டிப் படமெடுக்கப் போன நேரம் அதே போனில் கனடா மாப்பிள்ளை பற்றி ஒரு செய்தி வந்தது. அவள் வாசித்தாள். "அக்கா, அவர் ஓமெண்டிட்டார்!" என்று கத்திக்கொண்டே பட்டனை அமத்தினாள். அந்த நொடியில் என் முகம் எப்படி இருந்ததோ அதுதான் படம். அதற்கு முன்னும் பின்னும் நான் ஒரு படத்திலும் அப்படி இல்லை.

மான் இருந்தால் ஊர் தெரிந்துவிடும் என்று மானை வெட்டினேன். கடலையும் மங்கலாக்கினேன். முகமும் சிரிப்பும் மட்டும் மிஞ்சின. பக்கத்தில் "கொஞ்ச நேரம் கதைப்பமா?" என்று எழுதி, இலங்கையை விலக்கி, ஒரு சனிக்கிழமை மாலை நானே ஓடவிட்டேன். எங்கள் பட்டியலில் அதற்கு பி படம் என்று பெயர்.

மறுநாள் காலை வீட்டிலிருந்தே திறந்து பார்த்தேன். அதுவரை நாங்கள் ஓட்டிய எதுவும் அப்படி ஓடியதில்லை. தொட்டவர்கள் எல்லாம் பதிந்துகொண்டிருந்தார்கள். இர்பான் சேர் போனிலேயே "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். நானும் சந்தோஷப்பட்டேன். மறைத்து என்ன, என் முகத்துக்கு இத்தனை பேர் வருகிறார்களா என்று கொஞ்சம் பெருமையும் பட்டேன்.

4. ஊர் எங்கே இருக்கிறது

அன்று இரவு சாப்பாட்டில் கை வைத்திருந்தபோது அம்மாவின் போனுக்குப் படம் வந்தது.

அனுப்பியவர் ஸ்காபரோவில் இருக்கும் பெரியம்மா. சுபாவுக்கு அந்தச் சம்பந்தத்தைப் பேசித் தந்தவர் அவர்தான். விளம்பரத்தை அப்படியே ஸ்கிரீன்ஷொட் எடுத்திருந்தார். அவருக்கு அதை அனுப்பியது மாப்பிள்ளையின் தாய். அந்த அம்மாவுக்கு அனுப்பியது லண்டனில் இருக்கும் அவரின் தங்கை. நான் இலங்கையை விலக்கியிருந்தேன். எங்கள் ஊரின் பாதி ஸ்காபரோவிலும் லண்டனிலும் இருக்கிறது என்பதை எந்தப் பெட்டியில் விலக்குவது?

பெரியம்மா அழைப்பு எடுத்தார். அம்மா போனை என்னிடம் தந்தார்.

"மலர், இது நீதானே? என்னடி கோலம் இது? ஆரோட கதைக்க நிக்கிறாய்?"

"பெரியம்மா, நான் ஒருத்தரையும் தேடேல்லை. இது விளம்பரம். அந்த விளம்பரம் செய்யிற இடத்திலதான் நான் வேலை செய்யிறன்."

பெரியம்மா அதன் பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அப்ப உன்ர கொம்பியூட்டர் வேலை இதுதானோ? ஐயோ பிள்ளை. நீ மாப்பிள்ளை தேடுறாய் எண்டு சொல்லியிருந்தாலாவது, வயசு போன பிள்ளை, பாவம் எண்டு சொல்லிச் சமாளிச்சிருப்பன். இதை நான் அதுகளுக்கு எப்பிடிச் சொல்றது?"

உண்மையைச் சொன்னால் காரியம் சரியாகும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். சந்தேகத்தைவிட உண்மை கேவலமாக இருந்தால் என்ன செய்வது என்று எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. சுபா குசினி வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். என் கையிலிருந்து போனை வாங்கிப் படத்தைப் பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள்.

"இது நான் எடுத்த படம்," என்றாள். போனை என்னிடமே தந்துவிட்டுக் குசினிக்குள் போனாள்.

5. தோற்க வேண்டும் என்று கும்பிட்டேன்

கை கழுவாமலே எங்கள் கணக்கில் விளம்பரத்தை நிறுத்தினேன். ஆனால் மறுநாள் பெரியம்மாவின் அயலவர் ஒருவருக்கும் அது வந்ததாகச் செய்தி. காரணத்தைத் தேடிப் பார்த்தேன். பி படம் நன்றாக ஓடுகிறது என்று கண்டதும் ரமணன் அண்ணையின் ஆட்கள் அதைத் தங்கள் கணக்கில் டுப்ளிகேட் எடுத்து, அங்கிருந்து ஓட்டத் தொடங்கியிருந்தார்கள். அதை நிறுத்தும் பட்டன் என் கையில் இல்லை.

"அண்ணை, அதை நிப்பாட்டுங்கோ. என்ர தங்கச்சியின்ர கல்யாணம் குழம்பப் போகுது."

"உங்கட கஷ்டம் எனக்கு விளங்குது மலர். ஆனா இப்ப எங்களிட்ட இருக்கிறதில இதுதான் நல்லா ஓடுது. பார்ட்னர் விடுறார் இல்லை. நான் அவரோட கதைக்கிறன்."

அவர் மறுக்கவே இல்லை. ஒவ்வொரு முறையும் கதைக்கிறேன் என்றார். இர்பான் சேரும் கெஞ்சிப் பார்த்தார். கடுமையாகப் பேச அவருக்கும் துணிவில்லை, கிளையன்ட் போனால் கடை போய்விடும். அவரைக் கோபிக்க எனக்கு மனம் வரவில்லை.

திங்கட்கிழமைகளில் அறிக்கை எழுதுவது என் வேலை. எந்தப் படம் எப்படி ஓடியது என்று நானே எழுதினேன். பி படம் முன்னணியில், பி படத்தைத் தொடரலாம். விளம்பரம் ஓட்டுகிறவர்களில் தன் விளம்பரம் தோற்க வேண்டும் என்று பத்திரகாளி கோயிலில் கும்பிட்ட ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். அது தோற்கவில்லை.

மாப்பிள்ளை முதலில் சுபாவிடம் "எனக்குப் பிரச்சினை இல்லை" என்றாராம். அடுத்த கிழமை "அம்மா ஒத்துக்கொள்றா இல்லை" என்றார். அதற்குப் பிறகு அழைப்பு எடுத்தால் அடிக்கும், எடுக்கமாட்டார். சம்பந்தம் வேண்டாமென்ற முடிவைப் பெரியம்மா சொன்னபோது சுபா அழவில்லை. அலுமாரிக்குள் மடித்து வைத்திருந்த கூறைச்சேலைக்கு மேல் வேறு துணிகளை அடுக்கினாள். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"சுபா, நான் இலங்கையில தெரியாத மாதிரித்தான் போட்டனான்."

"ஓம் அக்கா. நீங்க கெட்டிக்காரிதானே," என்றாள். அதில் கோபம் இருந்திருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

6. இன்னொரு படம்

ஒரே முகத்தைத் திரும்பத் திரும்பக் காட்டினால் ஆட்களுக்குச் சலித்துவிடும். பிறகு தொடமாட்டார்கள். தொழிலில் இது எல்லோருக்கும் தெரியும். பி படமும் அப்படித்தான் நின்றது. என் கெஞ்சலுக்காக நிறுத்தாத ரமணன் அண்ணை, சைன்-அப் விழத் தொடங்கியதும் ஒரே நாளில் நிறுத்தினார். அதற்குள் மாப்பிள்ளைக்கு வேறிடத்தில் கல்யாண எழுத்து முடிந்திருந்தது.

நிறுத்திய கையோடு அவர் கேட்டார்: "மலர், அதே ஆளின்ர புதுப் படம் ஒண்டு கிடைக்குமோ? அந்தச் சிரிப்புத்தான் வேலை செய்தது."

ஓம் என்றேன். கேட்பவர்களுக்கு இது விசர், பைத்தியம் என்று படும். இனி எதை மறைக்கப் போகிறேன் என்ற எண்ணம்தான். கடையாவது மிஞ்சட்டும். ஜன்னலைத் திறந்து, துறைமுகம் பின்னால் தெரிய நின்றேன். இர்பான் சேர் படமெடுத்தார். கீழே கம்பி வெட்டினார்கள். "கொஞ்சம் சிரிங்க அக்கா," என்று பலமுறை சொன்னார். சிரித்தேன்.

அந்தப் படத்தைப் போட்டோம். ஒருவரும் பதியவில்லை. கீழே யாரோ "ஃபேக்" என்று எழுதியிருந்தார்கள். அந்த மாதத்தோடு ரமணன் அண்ணை போய்விட்டார்.

இர்பான் சேர் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகு நேரம் பார்த்தார். "மத்தப் படம் ஆரு எடுத்த அக்கா?"

"என்ர தங்கச்சி."

அவர் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஜன்னலை மூடினார்.

கடை ஒருவாறு இன்னும் நடக்கிறது. இப்போது ஹோட்டல்களுக்கும் படகுச் சவாரிகளுக்கும் விளம்பரம் ஓட்டுகிறோம். புதிதாக வரும் பிள்ளைகள் நாட்டை விலக்குவது எப்படி என்று கேட்டால் காட்டிக்கொடுக்கிறேன். ஆட்களை எப்படி விலக்குவது என்று கேட்டால் அப்படியொரு பெட்டி இல்லை என்கிறேன். எங்கள் சனம் எத்தனை நாட்டில் இருந்தாலும் ஒரே முற்றத்தில்தான் இருக்கிறது. உங்கள் வீட்டு முகத்தை விளம்பரத்தில் போடாதீர்கள். எனக்குத் தெரிந்த பாடம் அவ்வளவுதான், அது சுபாவின் கல்யாணத்தை விலையாகக் கொடுத்து வந்தது.

மாலையில் வீட்டுக்குப் போனால் சுபா தேத்தண்ணி ஊற்றித் தருகிறாள். சீனி போதுமா என்று கேட்கிறாள். போதும் என்கிறேன். போன பொங்கலுக்கு அம்மா எங்கள் இருவரையும் முற்றத்தில் நிற்கச் சொல்லி, ஒரு படம் எடுக்கலாம் என்றார். சுபா தன் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, "அக்காவைத் தனிய எடுங்கோ," என்று உள்ளே போய்விட்டாள்.