கரீமுல்லாவின் நாற்பத்தெட்டு நாள்

தி.நகரில் ஒரு சந்து முனையில் உட்கார்ந்து, பை ஜிப்பும் சூட்கேஸ் சக்கரமும் மாற்றியே முப்பது வருஷத்தை ஓட்டியவர் கரீமுல்லா. மகள் சாய்மாவை பயோகெமிஸ்ட்ரி படிக்கவைத்ததும் அந்தச் சம்பாத்தியம்தான். ஈரலில் பி வகை வைரஸ் இருப்பது தெரியவந்தபோது அவருக்கு ஐம்பது வயது. அதற்குள் ஈரல் பாதி சுருங்கிவிட்டிருந்தது. தினம் ஒரு மாத்திரை என்றார்கள். மூன்று வருஷம் தவறாமல் விழுங்கினார்.

போன ஜூலையில் வந்த ரத்தப் பரிசோதனைத் தாளைச் சாய்மாதான் படித்தாள்.

"அத்தா, வைரஸ் ஒண்ணுகூட இல்ல!"

"அப்போ போய்ட்ச்சா?"

"ரத்தத்துல இல்ல" என்றாள். ஈரல் செல்லுக்குள் அது பதுங்கித்தான் இருக்கிறது, மாத்திரைதான் அதை அமுக்கி வைத்திருக்கிறது என்பதையும் சொல்லியிருக்கலாம். ஈக்காட்டுத்தாங்கல் ஆபீசுக்கு நேரமாகிவிட்டது. அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று கிளம்பிவிட்டாள்.

பக்கத்துக் கடை பொன்ராஜ் கீழாநெல்லிப் பொடி கொண்டுவந்தார். "பாய், ஒரு மண்டலம் சாப்ட்டா மிச்சம் மீதியும் ஓடிடும். ஆனா இங்கிலீஷ் மருந்தும் இதுவும் ஒண்ணா சேரக் கூடாது. பிரியாணியப் பார்த்தா கண்ண மூடிக்கோ."

"பாதி உசுரு இப்பவே போச்சே நைனா" என்று சிரித்தார் கரீமுல்லா.

மாத்திரைப் பட்டை பீரோவுக்குள் போனது. நாற்பத்தெட்டு நாளும் அரை உப்பு, கறி இல்லை. முடிந்த பிறகும் அவர் பீரோவைத் திறக்கவில்லை. நவம்பரில் கண் மஞ்சளாகி, வயிறு வீங்கியது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஜானகி சாய்மாவைத் தனியே கூப்பிட்டார். "ஈரலை வைரஸ் நேரா அழிக்கறதில்லம்மா. அதைப் பார்த்துப் பார்த்து இவரோட எதிர்ப்பு அணுக்கள் ஓய்ஞ்சு கிடந்தது. மாத்திரைய நிறுத்தினதும் வைரஸ் பெருகிடுச்சு. இப்ப அந்த அணுக்கள் முழிச்சுக்கிட்டு, வைரஸ் புகுந்த ஈரல் செல்லையெல்லாம் கொல்லுது. நல்ல ஈரல்னா தாங்கும். இவரோடது ஓய்ஞ்சா கழிவெல்லாம் மூளைக்கு ஏறி நினைவு தப்பும்."

மாத்திரையை மறுபடி கொடுத்தார்கள். சாய்மா தன் ஈரலில் பாதியைத் தருவதாகச் சொன்னாள். ரத்த வகை சேரவில்லை. மாற்று ஈரலுக்கான வரிசை நீளமாக இருந்தது.

அன்று சாயங்காலம் கரீமுல்லா தெளிவாகப் பேசினார். "பத்தியம் ஒரு நாள் தவறலியேம்மா. எங்க தப்பாச்சு? நீ படிச்ச பொண்ணு, சொல்லேன்."

எங்கே என்று அவளுக்குத் தெரியும். "நாளைக்குச் சொல்றேன் அத்தா. தூங்குங்க."

மறுநாள் காலை அவர் கண் திறந்தார். மகளை வெகு நேரம் பார்த்துவிட்டு, யாரும்மா நீ என்று கேட்டார்.