ஐந்து எண்ணும் நேரம்

என் இடது முன்கையில் சுண்டுவிரல் பக்கத்து எலும்பு நடுவில் சற்றே வளைந்திருக்கும். அதை வளைத்தவர் என் தமையனார். பெரிய ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரே அறையில் பணியாளாகச் சேர உத்தரவு கிடைத்த அன்று, பழவங்காடியில் இருந்த எங்கள் ஜவுளிக் கடைக்குச் சென்று அதை அவரிடம் கூறினேன். துணி அளக்கும் இரும்புக் கஜக்கோல் அப்போது அவர் கையில் இருந்தது.

"கண்டவன் கையையும் காலையும் பிடிச்சிட்டு நிக்கதுக்காலே ஒன்னை வளத்தேன்?"

தலையை நோக்கி வந்த கோலைக் கையை உயர்த்தித் தடுத்தேன். எலும்பு முறிந்த ஓசை கடை முழுவதும் கேட்டது. வேட்டி பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் அதை மடித்து வைத்துவிட்டு, படியிறங்கிப் போனார். எலும்பு கட்டும் ஆசான் ஒருவர் மூங்கில் தப்பை வைத்துக் கட்டினார். அந்தக் கட்டுடனேயே வேலையில் சேர்ந்தேன். கடைக்குத் திரும்பவில்லை.

ஆஸ்பத்திரியில் எனக்குப் பாடம் சொல்வார் எவருமிலர். படம் பதியும் கண்ணாடித் தகடுகளைக் கழுவி உலர்த்துவதே என் பணி. அறைக்குப் பொறுப்பான மலையாளி டாக்டர் பெருஞ்சினம் உடையவர். படம் மங்கலாயிருந்தால் தகட்டைத் தரையில் அறைந்து உடைப்பார், சிதறல்களை நான் பொறுக்குவேன். அவருடைய அலமாரியிலிருந்த தடித்த ஆங்கில நூலை அகராதியின் துணையோடு ஈராண்டு படித்தேன். எவர் உதவியுமின்றி நான் எடுத்த முதல் படம் என் இடக்கையின் படமே.

டாக்டர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"வீழ்ந்தவன் கை ஊன்றும், மணிக்கட்டு ஒடியும். அடி தடுத்தவனுக்கு இந்த எல்லு மாத்ரம், நடுவில் ஒடியும். நின்னை ஆரு அடிச்சது?"

"அண்ணன், சார்."

"கொள்ளாம். படம் கொள்ளாம்" என்று பாராட்டினார். அண்ணனைப் பற்றி மேற்கொண்டு கேட்கவில்லை. அடுத்த ஆண்டு சென்னைக்குப் பயிற்சிக்கு அனுப்ப ஒருவருக்கு இடமுண்டு என்றும், என்மீது யாதொரு குற்றமும் வராதிருந்தால் அது எனக்கே என்றும் சொன்னார். அதன்பின் அந்த இடத்தைத் தவிர வேறெதையும் நான் விரும்பியதாக நினைவில்லை.

அந்த அறையில் தலைக்கு மேலே உறையில்லாத மின்கம்பிகள் ஓடின. ஒருமுறை மின்சாரம் ஓடுவது தெரியாமல் நூலாம்படை அடிக்கப் போய், சுவரில் தூக்கி எறியப்பட்டுப் பற்கள் இரண்டை இழந்தேன். ஆகையால் உள்ளே வருவோரிடம் கையை உயர்த்தாதீர்கள், கம்பு குடை எதையும் கொண்டுவராதீர்கள் என்று தவறாமல் கூறுவேன். ஒரே ஒரு நாள் கூறவில்லை.

அன்று காலை பெருமழை. வித்துராவுக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து கங்காணி ஒருவன் ஒரு கூலியாளை இட்டுவந்தான். கூலியாளின் வலக்கை வீங்கிக் கறுத்திருந்தது. இருவரும் திருநெல்வேலிச் சீமையினர்.

"சரிவுல உருண்டுட்டான். கட்டுப் போட்டு விடும், சாயங்காலம் மல ஏறணும்" என்றான் கங்காணி.

முதல் படத்தை இருட்டறையில் கழுவினேன். சிவப்பு விளக்கின் கீழ் எலும்பு தெளியத் தெளிய என் இடக்கை தானாகவே நோகலாயிற்று. நடுவில் முறிந்த ஒற்றை எலும்பு. மணிக்கட்டில் ஒரு கீறலும் இல்லை. விழுந்தான் என்று எழுதினால் அவன் மாலையில் அதே மனிதனோடு மலை ஏறுவான். பிறர் அடித்தது என்று டாக்டர் எழுதினால் அவனை வார்டில் இருத்திப் போலீசுக்கு ஆளனுப்ப வேண்டும்.

பக்கவாட்டுப் படத்துக்காகத் திரும்பி வந்தேன். வாசலில் நின்றிருந்த கங்காணி நனைந்த குடையுடன் மேசையருகில் வந்து நின்றான். அதைக் கண்டேன், ஒன்றும் கூறாமல் கூலியாளின் கையைத் திருப்பி வைத்தேன்.

"ஒன்ன யாரு அடிச்சா?"

கூலியாளின் கண்கள் குடைமீது போய் நின்றன.

"படம் பிடிக்கவனுக்கு என்ன ஓய் கேள்வி? ஒம்ம சோலியப் பாரும்!"

நான் ஸ்விட்சை அழுத்தினேன். ஐந்து எண்ணும்வரை விரலை அழுத்தியிருக்க வேண்டும். எடுத்தால் மின்சாரம் நின்றுவிடும். இரண்டு எண்ணுகையில் கூலியாள் வலியால் நெளிந்தான்.

"அசையாதலே, நாயே!"

மூன்று எண்ணுகையில் குடை உயர்ந்தது. அதன் இரும்பு முனை கம்பியை நோக்கிச் செல்வதைப் பார்த்தேன். நான்கு என்று எண்ணினேன்.

நீலப் பொறி ஒன்று வெடித்தது. கங்காணி அலறவும் இல்லை. பின்னோக்கித் தூக்கியெறியப்பட்டு, வலக்கையை ஊன்றிச் சிமெண்டுத் தரையில் விழுந்தான். உள்ளங்கை கருகியிருந்தது, மயிர் பொசுங்கிய நாற்றம் அறையை நிறைத்தது. இறந்துவிட்டான் என்றே எண்ணினேன். பிறகு அவன் குழந்தைபோல் அழத் தொடங்கினான்.

ஓடிவந்த டாக்டர் அவன் கையையும் படமெடுக்கச் சொன்னார். அசையாமல் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது. கூலியாள் யாரும் கேட்காமலேயே வந்து, தன் இடக்கையால் கங்காணியின் முழங்கையை மேசையோடு அழுத்திப் பிடித்தான்.

"அசையாதீங்க, கங்காணி" என்றான். அவன் குரலில் கேலி இருந்ததா என்பதை இன்றுவரை நான் அறியேன்.

இரண்டு தகடுகளையும் டாக்டர் சன்னலருகில் பிடித்தார். கங்காணிக்கு மணிக்கட்டு நொறுங்கியிருந்தது. "இவன் வீழ்ந்தது" என்றார். மற்றதைக் காட்டி, "அவனை அடிச்சது" என்றார். அப்படியே எழுதினார். கூலியாள் வார்டுக்குப் போனான்.

பின்பு கதவைச் சாத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"அவன் குடை உயர்த்தியது நீ கண்டோ?"

காணவில்லை என்று சொல்லியிருக்கலாம். சென்னை அந்த ஒரு சொல்லில் இருந்தது. ஆனால் கருகிய நாற்றம் இன்னும் என் மூக்கில் இருந்தது.

"கண்டேன், சார். மூணு எண்ணும்போ."

"பின்னே?"

"நாலும் எண்ணினேன்."

அன்று அவர் எந்தத் தகட்டையும் உடைக்கவில்லை. "ஈ வருஷம் நீ போகண்டா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அவ்வாண்டு சென்னைக்கு வேறொருவர் சென்றார். எனக்கு அந்த இடம் கிடைக்க மேலும் மூன்றாண்டுகள் ஆயின.

அன்று பிற்பகல் அறைக்கு வெளியே சுவரில் ஒரு பெரிய ஆணி அடித்தேன். அதில் முதன்முதலாகத் தொங்கியது, அந்தப் படங்களைப் பார்க்க வந்த போலீஸ்காரரின் தடி.