நான் மொழிபெயர்க்காத வாக்கியம்

வெள்ளிக்கிழமைகளில் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து கட்டடத்தின் கண்ணாடிக் கதவைத் தள்ளினால் முதலில் மூக்கில் ஏறுவது பச்சைச் சோப்பின் மணம்தான். தரை கழுவுவதற்கென்றே நோர்வேயில் விற்கப்படும் அந்தத் தடித்த சோப்பை வெந்நீரில் கரைத்தால் ஈரமான பைன் மரத்தின் வாசம் படிக்கட்டு முழுவதும் ஏறி நிற்கும். ஒஸ்லோவின் ரொம்மனில் நாங்கள் குடியிருந்த கட்டடத்தில் எட்டு வீடுகள் இருந்தன. படிக்கட்டைக் கழுவுவது வாரத்துக்கு ஒரு வீட்டின் முறை. யாருடைய முறையோ அவர்களுடைய கதவில் ஒரு சின்ன மரப்பலகை தொங்கும். "திரப்பவாஸ்க்" என்று எங்கள் வீடுகளில் நோர்வேஜியப் பெயராலேயே அந்தப் படி கழுவும் முறையைச் சொல்வோம். எட்டில் மூன்று தமிழர் வீடுகள். அந்த மூன்று வீட்டு முறையையும் கழுவியவர் ஒரே ஒருவர், அந்த மூன்று கதவுகளில் எதிலும் பெயர் எழுதப்படாத ஒருவர்.

பவளம் அக்காவை, எங்களுக்கு நேர் மேலே குடியிருந்த தேவன் மாமாவும் ராஜி மாமியும் சமாதானப் பேச்சு நடந்த காலத்தில் ஊருக்குப் போய்த் திரும்பியபோது கூட்டிவந்திருந்தார்கள். விசாத் தாள்களில் அவர் மாமியின் மூத்த சகோதரி, விருந்தாளி. உண்மையில் மாமியின் வீட்டு வளவுக்குள் தலைமுறையாக வேலை செய்த குடும்பத்துப் பெண். புருஷனைப் போரில் இழந்தவர். ஒன்பது வயது மகளை வன்னியில் தங்கையிடம் விட்டுவிட்டு, மாமியின் இரட்டைக் குழந்தைகளை மூன்று மாதம் பார்த்துக் கொடுத்துவிட்டுத் திரும்பலாம் என்று விமானம் ஏறியவர். மூன்று மாதம் இரண்டு வருடமாகியிருந்தது. விசா எப்போதோ முடிந்திருந்தது. அவருடைய கடவுச்சீட்டு மாமாவின் அலுமாரியில் பூட்டிக் கிடந்தது என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த, யாரும் பேசாத விஷயம்.

"அவவுக்கு இஞ்சை என்ன குறை? வேளைக்குச் சாப்பாடு, உடுப்பு, வீட்டுக்கை சூடு. எங்கடை வீட்டு ஆள் மாதிரியெல்லோ வைச்சிருக்கிறம்" என்பார் மாமி. அப்பா தலையாட்டுவார். அகதியாக வந்து இறங்கிய புதிதில் அப்பாவைத் தன் அறையில் ஒரு வருடம் வைத்திருந்தவர் தேவன் மாமா. அதனால் மாமா வீட்டு விஷயத்தில் அப்பாவுக்கு வாய் கிடையாது. அம்மா "பாவம்" என்று சொல்லித் தன் பழைய ஸ்வெற்றர் ஒன்றைக் கொடுத்தார். எங்கள் முறை வரும் வாரத்தில் "மேலை போய்ப் பவளத்தை வரச் சொல்லு" என்று என்னை அனுப்பியதும் அதே அம்மாதான். நானும் சளைத்தவளில்லை. அவர் கழுவி முடித்த ஈரப் படியில் பனிச் சப்பாத்தோடு ஏறிப் போவேன். பின்னால் துணி பிழியும் சத்தம் கேட்கும். ஒரு நாளாவது திரும்பிப் பார்த்த நினைவில்லை.

எனக்குப் பதினான்கு வயதான அந்த மாரிக் குளிரில் வரலாற்று ஆசிரியை எங்களுக்கு ஆளுக்கொரு தலைப்புத் தந்தார். எனக்கு விழுந்தது அமெரிக்காவில் அடிமைகளாக இருந்து தப்பியவர்கள் தங்கள் வாழ்க்கையைத் தாங்களே எழுதிய நூல்கள். நூலகத்திலிருந்து இரண்டு மூன்றை நோர்வேஜிய மொழியில் எடுத்துவந்தேன். சவுக்கையும் சங்கிலியையும் எதிர்பார்த்துத்தான் திறந்தேன். அவை இருந்தன. முதுகில் தோல் மிஞ்சாத அளவுக்கு அடித்துவிட்டுக் காயத்தில் உப்பு நீர் ஊற்றுவது இருந்தது. ஒரே மேடையில் தாயையும் பிள்ளைகளையும் நிறுத்தி, பல்லைத் திறந்து பார்த்து, தாயை ஒருவனுக்கும் பிள்ளைகளை வேறு மூவருக்கும் விற்பது இருந்தது. ஆனால் என்னை உறங்கவிடாமல் செய்தது எழுதியவர்களின் குரல். அவர்கள் அழுது எழுதவில்லை. இந்தப் பண்ணை, இந்த மேற்பார்வையாளன், இத்தனை அடி, பிறகு வயலுக்கு அனுப்பினான் என்று, தன்னை நம்பமாட்டார்கள் என்று முன்பே தெரிந்த சாட்சிக்காரனைப் போல, ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிறார்கள்.

நம்பமாட்டார்கள் என்பதும் உண்மைதான். பல நூல்களின் முன்பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரக் கனவானின் கடிதம் இருக்கிறது: இவரை எனக்குத் தெரியும், இவர் சொல்வது பொய்யல்ல. தழும்பு, எழுதியவரின் முதுகில் கிடக்கிறது, அதற்குக் கையெழுத்தைப் போடுகிறவர் இன்னொருவர். எனக்கு அதை வாசித்தபோது கோபம் கோபமாக வந்தது. கோபப்படுவதற்கு வசதியான தூரத்தில் நான் இருந்தேன் என்பதை அப்போது யோசிக்கவில்லை.

இன்னும் சிலவற்றைப் பென்சிலால் கோடிட்டு வைத்தேன். தங்கள் பிறந்த நாள் தங்களுக்கே தெரியாது என்று பலர் தொடங்குகிறார்கள். பக்கத்து ஊருக்கு நடப்பதற்கு எஜமானின் கைச்சீட்டு வேண்டும். அது இல்லாமல் தெருவில் அகப்பட்டால் அவ்வளவுதான். எழுத்துப் படிப்பது குற்றம். எல்லாவற்றையும்விட, எழுதியவர்கள் சற்றும் மன்னிக்காமல் பேசுவது கொடூரமான எஜமானைப் பற்றியல்ல, நல்ல எஜமானைப் பற்றித்தான். வயிறாரச் சாப்பாடு போட்டு, நோய் வந்தால் பக்கத்தில் உட்கார்ந்து, எங்கள் குடும்பத்தில் ஒருத்தி என்று விருந்தாளிகளிடம் சொல்லி, ஒரு நாள் கடன்காரன் வந்து கதவைத் தட்டியதும் அவளை விற்கும் தாளில் கையெழுத்து வைக்கிறவர். அந்தப் பக்கத்தை நான் வாசித்துக்கொண்டிருந்தபோது மேலே நடக்கும் சத்தம் கேட்டது. என் கட்டிலுக்கு நேர் மேலே மாமியின் குசினி, அக்கா சமைக்கும் இடம். விடிய ஐந்து மணிக்குத் தொடங்கும் அந்தக் காலடிச் சத்தம் நாள் முழுவதும் ஓயாது. இரண்டு வருடமாகக் கேட்டது. அன்றைக்குத்தான் எனக்குப் பயம் வந்தது.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். பவளம் அக்காவை யாரும் மேடையில் ஏற்றி விற்கவில்லை, யாரும் சவுக்கால் அடிக்கவில்லை. இரண்டும் ஒன்றென்று சொல்வது அந்த நூல்களை எழுதியவர்களுக்குச் செய்யும் அவமரியாதை. ஆனால் எதை எதைப் பார்க்க வேண்டும் என்று அவர்கள் எனக்குக் கண்ணைத் திறந்துவிட்டார்கள். திறந்த கண்ணை வைத்துக்கொண்டு நான் என்ன செய்தேன் என்பதுதான் கதை.

எட்டு வயதிலிருந்து எங்கள் படிக்கட்டுக்கு நான்தான் "தொல்க்", மொழிபெயர்ப்பாளர். எங்களைப் போன்ற எல்லா வீடுகளிலும் அப்படி ஒரு பிள்ளை இருந்தது. அலுவலகக் கடிதங்கள், பல் வைத்தியர், பெற்றோர் கூட்டம் எல்லாவற்றுக்கும் எங்களைத்தான் இழுத்துப் போவார்கள். ராஜி மாமியின் கர்ப்பப்பையில் என்ன பிரச்சினை என்று பதினொரு வயதில் மருத்துவரிடமிருந்து கேட்டுத் தமிழில் சொன்னவள் நான். என்னைப் பற்றி ஆசிரியர் சொன்ன குறைகளை அம்மாவுக்குப் பாராட்டாக மாற்றிச் சொன்னதும் உண்டு. கொஞ்சம் கூட்டி, கொஞ்சம் குறைத்துச் சொல்லிக் கைபழகிப் போயிருந்தது.

அதே வாரம் சுகாதார நிலையத்தில் இரட்டையர்களுக்கு இரண்டு வயதுப் பரிசோதனை வந்தது. மாமிக்கு வேலையில் லீவு கிடைக்கவில்லை. பெரியம்மா என்று சொல்லிப் பவளம் அக்காவையும், கதைப்பதற்கு என்னையும் அனுப்பினார்கள். புறப்படும்போது அப்பா கதவடியில் நின்று, "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. வீட்டுக் கதை வெளியிலை போனால் பார்னவார்ன் வந்து நிக்கும், தெரியுந்தானே" என்றார். பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து எடுத்துக்கொண்டு போகக்கூடிய அரச அலுவலகம் அது. எங்கள் ஆட்களில் பேய்க்குப் பயந்த பிள்ளைகளைவிடப் பார்னவார்னுக்குப் பயந்த பெற்றோர்தான் அதிகம்.

தாதி குழந்தைகளை எடை நிறுத்து, உயரம் அளந்து முடித்தபின் அக்காவின் மணிக்கட்டைப் பார்த்தார். வெதுப்பி அடுப்பின் கதவில் சுட்ட காயம், பழைய துணியால் சுற்றியிருந்தது, சீழ் பிடித்திருந்தது. விசா இல்லாதவரை வைத்தியரிடம் யார் கூட்டிப் போவார்கள்? தாதி துணியை மெதுவாகப் பிரித்துத் துடைத்தார். பிறகு கதிரையை அருகே இழுத்துப் போட்டுக்கொண்டு, என்னைப் பார்க்காமல் அக்காவைப் பார்த்து, வீட்டில் எல்லாம் நன்றாக இருக்கிறதா, என்னிடம் சொல்ல ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். அந்தக் கேள்வியை நான் ஒழுங்காகத்தான் தமிழில் சொன்னேன்.

அக்கா ஒருமுறை கதவைப் பார்த்தார். வெளியே பின்னேரம் மூன்று மணிக்கே இருட்டத் தொடங்கியிருந்தது.

"பிள்ளை, சொல்லு. என்ரை பாஸ்போட் அவையளிட்டை இருக்கு. விசா முடிஞ்சுது. என்னைத் தனிய வெளியிலை விடினமில்லை. நான் என்ரை பிள்ளையிட்டைப் போகோணும். அவ்வளவும் சொல்லு."

அத்தனைக்கும் என்னிடம் நோர்வேஜியச் சொற்கள் இருந்தன. விடுதலை, சிறைப்பிடிப்பு, எஜமான் எல்லாம் அந்த வாரம்தான் என் கொப்பியில் வரிசையாக எழுதப்பட்டிருந்தன. ஆனால் என் கண்முன் அப்பாவின் முகம் வந்தது. பொலிஸ் வந்து மேல்வீட்டுக் கதவைத் தட்டுவதும், குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு போவதும், பிறகு எங்கள் கதவைத் தட்டுவதும் வந்தது. நான் தாதியிடம் சொன்னேன்: அடுப்பில் சுட்டுக்கொண்டாராம், எல்லோரும் நன்றாகப் பார்க்கிறார்களாம், ஊரில் இருக்கும் மகளை நினைத்தால் சில நேரம் கவலையாக இருக்கிறதாம். கடைசி வரியில் கொஞ்சம் உண்மையைக் கலந்தேன். அப்போதுதான் பொய் நிற்கும் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

"அவர் நிறையச் சொன்னாரே, இவ்வளவுதானா?" என்று தாதி என்னைக் கேட்டார்.

"ஆம்" என்றேன்.

தாதி களிம்பு தந்தார். இரட்டை வண்டியைப் பனியில் தள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். படிக்கட்டின் அடியில் அக்கா வண்டியை நிறுத்திவிட்டு, கோபமே இல்லாத குரலில், "பாஸ் எண்ட சொல்லு உன்ரை வாயிலை வரேல்லை, பிள்ளை" என்றார். நோர்வேஜிய மொழியில் கடவுச்சீட்டுக்குப் பெயர் அதுதான். அது ஒன்று அவருக்குத் தெரிந்திருந்தது. நான் பேசி முடிக்கும் வரை அந்த ஒரு சொல்லுக்காகக் காது கொடுத்து உட்கார்ந்திருந்திருக்கிறார். நான் குழந்தை ஒன்றைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று மேலே ஏறிவிட்டேன்.

அடுத்த வாரம் வகுப்பில் அடிமைகளின் நூல்களைப் பற்றி இருபது நிமிடம் பேசினேன். பக்கத்து வீடுகளில் இருந்தவர்களுக்கு இதெல்லாம் தெரியாதா என்று ஒரு மாணவி கேட்டாள். "தெரியும், பழகிப்போயிருந்தார்கள்" என்றேன். ஆசிரியை எழுந்து நின்று கை தட்டினார், எனக்கு ஆறு புள்ளி தந்தார். நோர்வேப் பள்ளிக்கூடத்தில் அதற்கு மேல் புள்ளி இல்லை. கழிவறைக்குப் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதேன். வெட்கமாக இருந்தது, ஆனாலும் யாரிடமும் போய் எதையும் சொல்லவில்லை.

காயத்தை மீண்டும் காட்ட வரும்படி தாதி மாமா வீட்டுக்குத் தொலைபேசி எடுத்ததாக அறிந்தேன். மூன்று வாரத்துக்குள் அவர்கள் அக்காவையும் கூட்டிக்கொண்டு, வீட்டைக் காலிசெய்து பேர்கன் நகருக்குப் போய்விட்டார்கள். நான் பள்ளிக்கூடத்தில் இருந்த நேரத்தில் சாமான் வண்டி வந்து போயிருந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை மரப்பலகை எங்கள் கதவில் தொங்கியது. அம்மா தானே வாளியைத் தூக்கிக்கொண்டு போய், "இடுப்பு முறியுது" என்று முனகியபடி கழுவினார். அந்தக் கோடையில் ஊரில் மீண்டும் சண்டை தொடங்கியது, வன்னிக்குப் போகும் பாதையை மூடினார்கள்.

இன்று அந்தக் கட்டடத்தில் மரப்பலகைகள் இல்லை; ஒரு நிறுவனத்தின் ஆட்கள் இயந்திரத்தோடு வந்து படிகளைக் கழுவிவிட்டுப் போகிறார்கள், மணமும் வேறு. பெரியவர்களுக்காகப் பிள்ளைகளை மொழிபெயர்க்க வைப்பதைச் சட்டமே தடுத்துவிட்டது, நல்லதுதான். அப்பாவும் தேவன் மாமாவும் பேசிக்கொள்வதில்லை, காரணம் வேறேதோ கோயில் சண்டை. நான் வரலாற்று ஆசிரியை. ஒவ்வொரு மாரியிலும் அதே நூல்களைப் படிப்பிக்கிறேன். பக்கத்தில் இருந்தவர்கள் ஏன் பேசவில்லை என்று ஒவ்வொரு வருடமும் யாராவது கேட்கிறார்கள். பாடப்புத்தகத்தில் உள்ள பதிலைச் சொல்லிவிடுவேன்.

போன வருடம் ஒரு கருத்தரங்குக்குப் பேர்கன் போனபோது, பவளம் அக்கா அங்கே ஒரு மருத்துவமனைச் சமையலறையில் வேலை செய்கிறார் என்று கேள்விப்பட்டுத் தேடிப் போனேன். தலை நரைத்திருந்தது. என்னை உடனே அடையாளம் கண்டார். இரட்டையர்களின் படப் புத்தகங்களைப் பார்த்துப் பார்த்து நோர்வேஜிய எழுத்தைக் கற்றுக்கொண்டாராம். பேர்கனுக்குப் போய் நான்கு வருடம் கழித்து ஒரு நாள் குப்பைப் பையோடு வெளியே இறங்கியவர் திரும்பிப் போகாமல் நேரே பொலிஸ் நிலையத்துக்கு நடந்து, தானே பேசினாராம். அடிமைகளின் நூல்களிலும் எஜமானின் பிள்ளைகளிடமிருந்து எழுத்தைத் திருடிக் கற்றவர்கள் இருக்கிறார்கள் என்று சொல்ல வாயெடுத்தேன், பிறகு விட்டுவிட்டேன். மகளைப் பற்றிக் கேட்டேன்.

"தங்கச்சியும் இல்லை, அவளும் இல்லை. கடைசிச் சண்டையிலை. எங்கை எண்டும் தெரியாது" என்றார். தேநீர்க் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு, "அந்த மாரியிலை பாதை திறந்துதான் கிடந்தது, பிள்ளை" என்றார்.

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் கோப்பைகளை எடுத்துப் போய்க் கழுவி வைத்தார். திரும்பி வந்ததும், உங்கள் கதையை என் மாணவர்களுக்குச் சொல்லட்டுமா, எழுதட்டுமா என்று கேட்டேன்.

"வேண்டாம். என்ரை கதையை நான் சொல்லுவன், இப்ப எனக்கு மொழி தெரியும். நீ செய்ததை நீ எழுது" என்றார்.

அதனால் அவருடைய பெயரை மாற்றி, அவர் பட்டதில் நான் கண்ணால் கண்டதையும் அவர் வாயால் கேட்டதையும் மட்டும் தொட்டு, நான் செய்ததை எழுதியிருக்கிறேன்.