காட்டைப் பார்த்திருந்தவர்

ஐம்பதுகளின் கடைசியில் யாழ்ப்பாணத்திலிருந்து கிளிநொச்சிக்கு மாற்றலாகிப் போயிருந்தேன். அங்கே குளக்கட்டோரம் ஆட்கள் இருக்க நான்கு வாங்குகளோடு ஒரு சிறிய பூங்கா. கந்தோரில் வேலை முடிந்ததும் பொழுது படுவதைப் பார்க்க அங்கே போவேன்.

அதன் காவற்காரர் ஒருநாளும் சூரியனைப் பார்த்ததில்லை. நெடிய, உலர்ந்த மனிதர்; ஒரு காது பாதிதான் இருந்தது. இலைக்கொப்பொன்றை முறித்துப் பாலைமரத்தில் செருகி, யானை வராமல் காக்கும்படி பிள்ளையாரைக் கும்பிடுவார். பிறகு குளத்துக்கு முதுகைக் காட்டி, காட்டைப் பார்த்தபடி கதிரையில் இருப்பார்.

ஒருநாள் அந்தக் கொப்பு எனக்குச் சூரியனை மறைத்தது. பிடுங்கிக் குளத்தில் எறிந்துவிட்டேன்.

"கொப்பை ஆர் எடுத்தது?" என்று பிறகு வந்து கேட்டார்.

"நான்தான். பாக்க மறைச்சுது. வேறையொண்டு வையுங்கோவன்."

அவர் கோபிக்கவில்லை. முதற்தடவையாக மேற்கே திரும்பிப் பார்த்தார். சூரியன் மறைந்துவிட்டிருந்தது.

"பொழுதுபட்டாப் பிறகு கொப்பு முறிக்கக்கூடாது, ஐயா. நீங்கள் வீட்டை போங்கோ."

"நீங்கள் வரேல்லையோ?"

"பிள்ளையாற்ரை காவலை எடுத்துப்போட்டியள். இண்டைக்கு நான் இருக்கத்தானே வேணும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. போய்விட்டேன்.

மறுநாள் மாலை பூங்கா வாசலில் படலை திறந்தே கிடந்தது. கதிரை காட்டைப் பார்த்தபடி இருந்தது. அவர் இல்லை. விசாரித்தேன், ஒருவருக்கும் தெரியவில்லை.

வெளிச்சம் இருக்கும்போதே ஒரு கொப்பை முறித்து மரத்தில் செருகினேன். பிறகு அவருடைய கதிரையில் இருந்தேன். சூரியன் என் முதுகுக்குப் பின்னால் இறங்கியது.