அக்கம்பக்கத்துக் கண்

மக்சிக் தன் கைப்பேசியை என் முகத்துக்கு நேராக நீட்டினார். அதில் நான் இருந்தேன். மின்தூக்கிக்கு முன்னால் குனிந்து தரையில் எதையோ வைத்துவிட்டு, இடமும் வலமும் பார்த்துவிட்டு, திரும்பிப் பாராமல் விறுவிறுவென்று நடந்துபோகிற நான். திருட வந்தவள்கூட இன்னும் கொஞ்சம் இயல்பாக நடந்திருப்பாள்.

"இது நீதானே?"

திங்கட்கிழமை காலை. என் மகள் என் இடுப்பில் இருந்தாள். அவளுக்கு அப்போது ஒன்றேகால் வயது. வழக்கம்போல அவளை மக்சிக்கிடம் விட்டுவிட்டு ரயிலுக்கு ஓட வேண்டும் என்று கிளம்பி வந்திருந்தேன். அவருடைய கதவுக்கு மேலே ஒரு குட்டிக் கேமரா இருப்பது எனக்குத் தெரியும். கடைக்காரர் அதைப் பொருத்திவிட்டுப் போன அன்று, அதில் படம் எப்படித் தெரிகிறது என்று கைப்பேசியில் பார்க்கச் சொல்லிக்கொடுத்ததே நான்தான்.

மக்சிக் என்று மலாய்ப் பெரியம்மாக்களை அழைப்பது இங்கே வழக்கம். புக்கிட் பாஞ்சாங்கில் எங்கள் அடுக்குமாடி புளோக்கில், மின்தூக்கியை ஒட்டிய மூலை வீடு அவருடையது. எங்கள் வீடு நான்கு கதவு தள்ளி. ஏழு மாதமாக என் மகளைப் பகலில் அவர்தான் பார்த்துக்கொண்டார். என்னிடம் ஒரு மணி நேரம் அழுது தூங்குகிறவள், அவருடைய தோளில் ஐந்து நிமிடத்தில் தூங்கிவிடுவாள். அவர் இல்லையென்றால் எனக்கு வேலை இல்லை. அது எனக்கு நன்றாகத் தெரியும்.

ஆனாலும் ஒன்று மட்டும் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. மக்சிக் ஓயாமல் புகழ்வார். கதவைத் திறந்ததும், "மாஷா அல்லா, என்ன அழகு!" சாயங்காலம் திருப்பித் தரும்போது, "மாஷா அல்லா, கன்னத்தைப் பாரு, பாவ் பன் மாதிரி உப்பிக் கெடக்கு!" மின்தூக்கியில் யாராவது ஏறினால் அவர்களிடமும் சொல்வார். நான் சிரித்துக்கொண்டே குழந்தையை வாங்கி, வீட்டுக்குள் வந்ததும் அவள் நெற்றியை என் உள்ளங்கையால் ஒருமுறை துடைத்துவிடுவேன். படித்தவள் செய்கிற காரியமா என்று என்னையே கேட்டுக்கொள்வேன். மறுநாளும் துடைப்பேன்.

அந்தத் திங்களுக்கு முந்தைய வாரம் அவளுக்குக் காய்ச்சல், வாந்தி. பால்கூட இறங்கவில்லை. டாக்டர் சாதாரண வைரஸ் காய்ச்சல் என்றார். ஞாயிற்றுக்கிழமை அம்மா கும்பகோணத்திலிருந்து வீடியோ காலில் வந்தாள். குழந்தையைப் பார்த்ததுமே, "ஏண்டி, யாரு கண்ணுடி பட்டுச்சு? யாரு இவள எப்பப் பாத்தாலும் மெச்சிக்கிட்டே இருக்கறது?" என்று கேட்டாள்.

"மக்சிக்தாம்மா. ஆனா அவங்க ரொம்ப நல்ல மனசு."

"நல்ல மனசா இருந்தா என்ன? நல்ல கண்ணுதாண்டி சீக்கிரம் படும்."

எலுமிச்சம்பழத்தைக் குறுக்கே அறுத்துக் குங்குமம் தடவி, குழந்தையை மூன்று சுற்று சுற்றி, முச்சந்தியில் போடச் சொன்னாள். சுற்றும்போது சொல்ல வேண்டியதையும் கூடவே சொல்லிக்கொடுத்தாள். நான் சுற்றினேன். ஆனால் முச்சந்திக்கு எங்கே போவது? கீழே சாலையில் எறிந்தால் அபராதம். எங்கள் மாடியில் மூன்று நடைபாதைகளும் சேர்கிற இடம் மின்தூக்கி முகப்பு ஒன்றுதான். விளக்கு வைக்கிற நேரத்தில் அங்கே போய், தரை கறையாகிவிடக் கூடாதே என்று ஒரு டிஷ்யூவை விரித்து, அதன்மேல் இரண்டு பாதிகளையும் வைத்தேன். காலையில் கூட்டுகிறவர் எடுத்துப் போட்டுவிடுவார் என்று நினைத்தேன். மூலை வீட்டுக்காரரை நான் நினைக்கவே இல்லை.

"என் மக மாசமா இருக்கா, ஏழு மாசம்," என்றார் மக்சிக். எங்கள் பேச்சு எப்போதும் ஆங்கிலமும் மலாயும் கலந்தது. என் நினைவில் அது தமிழாகத்தான் இருக்கிறது. "நேத்து மஃரிப் தொழுகை நேரத்துல லிஃப்ட்லேர்ந்து எறங்குனா. காலை அதுமேலயே வச்சா. ராத்திரி வயித்துவலி. இப்ப ஆஸ்பத்திரியில படுத்திருக்கா. சொல்லு. என்னத்த வச்ச? யாருக்கு வச்ச?"

ஜாலான் புசாரில் ஒரு ஹோட்டலில் ஊழியர் விவகாரம் பார்ப்பது என் வேலை. பத்து நாட்டு ஆட்கள் வேலை செய்கிற இடம். ஹலால் கரண்டியை ஒருவர் தெரியாமல் பன்றிக்கறிக் குழம்பில் போட்டுவிட்டார் என்று சமையலறையில் அடிதடி வரை போனபோது, இரண்டு பேரையும் உட்காரவைத்துப் பேசிச் சமாதானம் செய்தவள் நான். முதலில் எதிராளியின் உணர்வை ஒப்புக்கொள்ள வேண்டும், 'ஆனால்' என்ற சொல்லைத் தவிர்க்க வேண்டும் என்று பாடம் நடத்துகிறவள்.

"உங்க பயம் எனக்குப் புரியுது மக்சிக். உங்க இடத்துல யாரா இருந்தாலும்..."

"ஆபீஸ்ல பேசுற மாதிரி பேசாத லா. யாருக்கு வச்ச?"

"உங்களுக்கு இல்ல, சத்தியமா. இவளுக்குக் காய்ச்சல். அது போகணும்னு சுத்திப் போட்டேன். மூணு வழி சேர்ற இடத்துல போடணும்னு எங்க வழக்கம்."

"போடும்போது என்ன ஓதுன?"

சாமி பெயரைச் சொன்னேன் என்று சொல்லியிருக்கலாம். அவர் நம்பியிருப்பார். அதோடு முடிந்திருக்கும். இன்றைக்கும் அதை நினைத்துப் பார்க்கிறேன். ஆனால் அப்போது அவருக்குத் தெரிய வேண்டியதெல்லாம் தன் மகளுக்கு யாரும் சூனியம் வைக்கவில்லை என்பதுதான். முழு உண்மையைச் சொன்னால்தான் அந்தப் பயம் தீரும் என்று எனக்குப் பட்டது. சொன்னேன்.

"நாய்க் கண்ணு, நரிக் கண்ணு, ஊர்க் கண்ணு, உறவுக் கண்ணு, அக்கம்பக்கத்துக் கண்ணு, எல்லாக் கண்ணும் போகட்டும்னு சொல்வோம்."

"அக்கம்பக்கத்துக் கண்ணுன்னா?"

"பக்கத்து... பக்கத்து வீட்டுக்காரங்க கண்ணு."

அவர் நடைபாதையை ஒருமுறை பார்த்தார். "ரெண்டு வீடு பூட்டிக் கெடக்கு. உன் பக்கத்து வீட்டுச் சீனத் தாத்தாவுக்குக் கண்ணே தெரியாது. அப்ப நான்."

நான் குனிந்து என் மகளின் சட்டைக் கழுத்தைச் சரிசெய்தேன். அதுவே பதிலாகிவிட்டது.

"இவள அழகுன்னு சொல்றதுக்கு முன்னாடி நான் என்ன சொல்வேன்?"

"மாஷா அல்லா."

"எதுக்குன்னு நெனச்ச?"

"ஆச்சரியப்பட்டுச் சொல்றீங்கன்னு..."

"என் கண்ணு இவ மேல பட்டுடக் கூடாதுன்னு சொல்றது. உங்களுக்கு மட்டும்தான் கண்ணா? எங்களுக்கும் இருக்கு. அழகுன்னு வாய்ல வர்றதுக்கு முன்னாடி அதச் சொல்லிடணும். ஏழு மாசமா ஒருதடவ கூட நான் மறந்ததில்ல." அவர் குரல் உயரவே இல்லை. "நான் என் கண்ணுகிட்டேர்ந்து இவளக் காப்பாத்திட்டிருந்தேன். நீ என்கிட்டேர்ந்து காப்பாத்திட்டிருந்த."

கம்பிக் கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டார். என் மகள் அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றாள். அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தேன்.

அவருடைய மகள் இரண்டாம் நாளே வீடு திரும்பினாள். வந்தது சும்மா வலி, குழந்தைக்கு ஒன்றுமில்லை என்று நடைபாதையில் யாரோ பேசியதைக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். நானும் என் கணவரும் மாறி மாறி விடுப்பு எடுத்தோம். மன்னிப்புக் கேட்கப் போவதா, போனால் காரியத்துக்காக வந்தேன் என்று நினைப்பாரா என்று கதவு வரை போய்ப் போய்த் திரும்பினேன். அம்மாவிடம் எதையும் சொல்லவில்லை. குழந்தை தேறிவிட்டதைப் பார்த்து, "பாத்தியா, சுத்திப் போட்டதும் சரியாயிடுச்சு," என்றாள்.

பன்னிரண்டாம் நாள் மக்சிக்கே வந்து கதவைத் தட்டினார். "நாளைக்கு வேலைக்குப் போ. பிள்ளை என்ன பாவம் பண்ணுச்சு?" நான் அழுதேன். அவர் என் தோளைத் தொட்டார். எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அவர் என் மகளைப் புகழவே இல்லை.

சாயங்காலம் குழந்தையைத் தருவார். "சாப்பிட்டா. ரெண்டு மணி நேரம் தூங்குனா. மலம் ஒருதடவ." அவ்வளவுதான். எப்போதும் போலவே குளிப்பாட்டினார், ஊட்டினார். மின்தூக்கியில் வேறு யாராவது, "எவ்ளோ க்யூட்!" என்றால், மக்சிக் எண் விளக்கையே பார்த்துக்கொண்டிருப்பார். தீபாவளிக்குத் தேக்கா கடைத்தெருவில் மூன்று கடை ஏறி இறங்கி வாங்கிய பட்டுப் பாவாடையைக் கட்டி, வேண்டுமென்றே அவர் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். ஏதாவது சொல்லமாட்டாரா என்றிருந்தது. அவர் குனிந்து சட்டையைச் சரிசெய்தார். "கொக்கி தளர்ந்திருக்கு. தச்சுடு."

போன புதன்கிழமை மதியம், ஹோட்டலில் நான் ஒரு கூட்டத்தில் இருந்தபோது அவர் அழைத்தார். படிக்கட்டுப் பக்கம் வந்து எடுத்தேன். பின்னணியில் என் மகளின் அழுகை.

"காய்ச்சல் முப்பத்தெட்டரை டிகிரி. காய்ச்சல் மருந்து குடுத்துட்டேன். ஒரு தடவ வாந்தி. நீ வந்துடு."

"இதோ கிளம்புறேன் மக்சிக்."

அவர் வைக்கவில்லை. மூச்சு வாங்குவது கேட்டது.

"நான் ஒன்னும் சொல்லல," என்றார். "இத்தன நாளா ஒரு வார்த்த சொல்லல. வல்லாஹி, அல்லா மேல சத்தியமா, மனசுல கூட நெனைக்கல."

அறுபது வயதை நெருங்குகிறவர். மூன்று பிள்ளைகளை வளர்த்தவர். என்னிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

"மக்சிக், இது வெறும் காய்ச்சல். குழந்தைங்களுக்கு வர்றதுதான்."

"குளிப்பாட்டும்போது மட்டும்தான் பார்த்தேன்," என்றார். "பார்க்காம எப்படிக் குளிப்பாட்டுறது? அதுகூட ரொம்ப நேரம் பார்க்கல. இப்பவும் கதவுப் பக்கம் திரும்பித்தான் உக்காந்திருக்கேன்."

ஒரு அறையில், காய்ச்சலில் அழுகிற என் குழந்தைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பயந்துபோய் உட்கார்ந்திருக்கிற அவரை நான் கண்டேன்.

"திரும்புங்க மக்சிக். அவளத் தூக்கிக்கோங்க. நான் வர்ற வரைக்கும் அவளையே பார்த்துட்டிருங்க. தயவுசெஞ்சு பாருங்க."

அந்தப் பக்கம் வெகுநேரம் என் மகளின் அழுகை மட்டும் கேட்டது. பிறகு ஒரு நாற்காலி நகர்கிற சத்தம்.