சுவரை ஒட்டின வீடு

வாசப்படிக்குக் கீழே கிடந்த தேசிக்காயை முதலில் பார்த்தது நான்தான். முழு எலுமிச்சை, குங்குமம் அப்பி, குண்டூசி குத்தியிருந்தது. கையால் தொடாமல் விளக்குமாற்றால் தள்ளி, மழைத்தண்ணி ஓடுகிற கானில் போக விட்டேன். யாரிடமும் சொல்லக்கூடாது என்றுதான் நினைத்தேன். என் முகம் எதைத்தான் மறைத்திருக்கிறது?

மகளுக்கு அது நிறைமாசம். முதல் பிள்ளை வயிற்றிலேயே போய்விட்டது. மருமகனுக்குக் கொழும்பில் கடை வேலை. அவருடைய அம்மா வந்து எங்களோடு தங்கியிருந்தார்கள். விஷயம் தெரிந்ததும் சம்பந்தியம்மா ஒரே பிடியாக நின்றார்கள். பூண்டுலோயாப் பக்கம் ஒருவர் வெற்றிலையில் மை தடவிப் பார்ப்பாராம். செய்வினை வைத்த ஆளைச் சொல்லிவிடுவாராம்.

எனக்குச் செய்வினையைவிட அந்த மைதான் பயம். அடுத்த வீட்டு அக்காவோடு பைப்படியில் தண்ணிக்குச் சண்டை போட்டு, பேச்சு நின்றிருந்த நேரம். போன தடவை ஆஸ்பத்திரியில் மகளைத் தாங்கிப் பிடித்தது அந்த அக்காதான். இந்தத் தடவை வலி வந்தாலும் வேறு யாரைக் கூப்பிடுவேன்? மையில் ஒரு பேர் வந்துவிட்டால் அதோடு சரி. தோட்டத்தின் மேல் லயத்து வீட்டு வரிசையில் அப்படிப் பிரிந்த இரண்டு வீடு இருக்கிறது. இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் கேட்கும், சாவுக்குக்கூடப் போகவில்லை.

நான் அதிகம் படிக்கவில்லை. ஆனாலும் ஒன்று தெரியும். ஒரே பைப்பில் நாளைக்கும் தண்ணி பிடிக்க வேண்டியவர்களுக்கு, கோபத்தை முகத்துக்கு நேரே சொல்ல முடியாது. அதைத் தேசிக்காயில் குத்தி வைக்கிறார்கள்.

சம்பந்தியம்மா விடவில்லை, இரண்டு பேரும் பஸ் ஏறினோம். மை பார்க்கிறவர் வெற்றிலையை விளக்குப் பக்கம் சாய்த்து ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு வெற்றிலையை விட்டுவிட்டு எங்கள் முகத்தைப் பார்க்க ஆரம்பித்தார்.

“பொம்பள ஆளு. சுவத்த ஒட்டின வீடு. மனசுல யாரும் இருக்காங்களாம்மா?”

சம்பந்தியம்மா வாயைத் திறந்தார்கள். நான் அவர்கள் தொடையை அழுத்திப் பிடித்தேன்.

“நாங்க நடு வீடுங்க சாமி. ரெண்டு பக்கமும் சுவருதான். யாருன்னு சொல்லுவேன்?”

அவர் இன்னும் இரண்டு முறை சுற்றி வளைத்துக் கேட்டார். நான் அசையவில்லை. கடைசியில், வழியில் போன காத்துக்கருப்பு அண்டியிருக்கு என்று சொல்லி நூல் கட்டிக்கொள்ளக் கொடுத்தார். திரும்பி வரும்போது சம்பந்தியம்மா பஸ்ஸில் என்னை விட்டு வேறு சீட்டில் போய் உட்கார்ந்தார்கள்.

பொழுது சாய, சுவருக்கு மேலே இருந்த இடைவெளியில் அக்காவின் குரல் வந்தது.

“புள்ள, யாரையாம்?”

அடுப்பில் விறகைத் தள்ளினேன். “யாரையும் காட்டலக்கா.”

அக்கா குரலைத் தாழ்த்தினார்கள்.

“எங்க கோழியெல்லாம் செத்துச்சுல்ல. அப்ப நானும் அவருகிட்டதான் போனேன், சர்ச் பாதருக்குத் தெரியாம. சுவத்த ஒட்டின வீடுன்னாரு. நான் நம்பல.”

அவர்களுடையது லயத்தின் கடைசி வீடு. அதைச் சுவரால் ஒட்டி நிற்பது எங்கள் வீடு ஒன்றுதான்.

நம்பவில்லை என்றால் அந்தத் தேசிக்காய் எங்கிருந்து வந்தது? கேட்க நாக்கு வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டேன்.

“வலி வந்தா சுவத்தத் தட்டு,” என்றார்கள் அக்கா.

சம்பந்தியம்மா முறைக்க முறைக்க, மகளின் கட்டிலை அந்தச் சுவர்ப் பக்கம் இழுத்துப் போட்டேன்.